நாலு பவுண் சமூகக் கடை: பதினொரு மாதம் சாமான் எடுத்த பிறகு எழுதுவது

எங்கள் பக்கத்துச் சேர்ச் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிற சமூகக் கடையைப் பற்றிக் கன பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நேரே யாரும் கேட்பதில்லை. கோயில் வாசலில் செருப்பை மாட்டுகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து, "அக்கா, அங்கை ஆரும் போகலாமோ, பேப்பர் ஏதும் கேட்பினமோ, எங்கடை ஆக்கள் வாறவையோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தெரியும், நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

கடையின் பெயரையும் தெருவையும் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அங்கே நிற்பவர்களோ அநேகமாகச் சம்பளம் இல்லாமல் நிற்பவர்கள். கிழக்கு லண்டனில், ஈஸ்ற்ஹாம் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படியான கடைகள் இப்போது பல இடங்களில் இருக்கின்றன. நூலகத்திலோ பிள்ளையின் பள்ளிக்கூட அலுவலகத்திலோ கேட்டால் உங்களுக்குக் கிட்ட உள்ளதைச் சொல்வார்கள்.

முதலில் முறையைச் சொல்கிறேன். இது உணவு வங்கி இல்லை. உறுப்பினராகச் சேர வேண்டும், அதற்குக் குறிப்பிட்ட தபால் குறியீட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று காட்ட ஒரு கடிதம் போதும். ஒவ்வொரு முறையும் நாலு பவுண் கட்டி, தட்டுகளில் அடுக்கியிருக்கிற சாமானில் பன்னிரண்டை நீங்களே எடுக்கலாம். பச்சை ஸ்ரிக்கர் ஒட்டியதில் ஆறு, மஞ்சளில் நாலு, சிவப்பில் இரண்டு. எண்ணெய், சீஸ், கோழி, உடுப்புத் தோய்க்கிற பவுடர் போன்ற விலை கூடிய சாமான் எல்லாம் சிவப்பு. பாணும் மரக்கறியும் இந்தக் கணக்கில் வராது, தேவையான அளவு எடுக்கலாம். 2013-ல் ஸ்ரொக்போர்ட்டில் தொடங்கிய 'யுவர் லோக்கல் பான்ட்ரி' என்ற வலையமைப்பு இதே மாதிரி நாடு முழுக்க நூற்றுக்கு மேல் நடத்துகிறது. எங்களுடையது அதில் சேர்ந்தது இல்லை, ஆனால் முறை கிட்டத்தட்ட அதேதான்.

நாலு பவுண் கட்டுவதில் என்ன பெரிய வித்தியாசம் என்று என்னிடம் ஒருவர் கேட்டார். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் என் கணவருக்கு வெயர்ஹவுஸில் மணித்தியாலங்களைக் குறைத்தார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தருகிற உதவிப் பணமான யுனிவேர்சல் கிரெடிற்றுக்குப் போட்டோம். போட்ட நாளிலிருந்து முதல் காசு வர ஐந்து கிழமை. முற்பணம் கேட்டால் தருவார்கள், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். அந்த ஐந்து கிழமைக்குள் வாடகை வரும், மின்சார மீற்றருக்குக் காசு போட வேண்டும், சீட்டுக் காசும் கட்ட வேண்டும். எங்கள் சனத்தில் எத்தனை வீட்டில் சீட்டைக் கட்டிவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள் என்று எழுதினால் ஒருவரும் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். சீட்டைத் தவறவிட்டால் நாலு பேருக்குத் தெரியும், சாப்பாட்டைக் குறைத்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

அப்போது மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் தானாகவே கண்டுபிடித்து உணவு வங்கி வவுச்சர் எடுத்துத் தந்தார். இரண்டு தடவை போனேன். மூன்று நாளைக்கான சாப்பாடு பையில் கட்டித் தந்தார்கள்: பாஸ்ரா, பீன்ஸ் ரின், சூப் ரின், நாள்பட்டாலும் கெடாத பால் பெட்டி, சீரியல், ரின் இறைச்சி. அந்தப் பையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்று நினைக்கவே விருப்பமில்லை. ஆனால் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொரு ரின்னாக வெளியில் எடுக்கும்போது ஒன்று விளங்கியது: அன்றைக்கு என் வீட்டில் என்ன சமையல் என்று வேறு யாரோ முடிவெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை, நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எடுக்காத நாள். மகள் பீன்ஸைப் பாணோடு சாப்பிட்டாள், நானும் இவரும் பாஸ்ராவை அவித்து மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டுத் தாளித்துச் சாப்பிட்டோம்.

சமூகக் கடைக்குப் போன முதல் நாள் பருப்புத் தட்டுக்கு முன்னால் கன நேரம் நின்றேன். மைசூர்ப் பருப்பு, கடலை, கௌபி, தேங்காய்ப்பால் ரின். எது பச்சை எது மஞ்சள் என்று பார்த்து, கூட்டிக் கழித்து, எடுத்ததைத் திரும்ப வைத்து வேறொன்றை எடுத்து. எனக்குப் பின்னால் ஆள் நிற்கிறதே என்று சொறி சொன்னேன். அங்கே நின்ற நைஜீரியா நாட்டு அண்ணர், "இது உன்ரை சொப்பிங், ஆறுதலாய்ச் செய்" என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரை மற்றப் பக்கத்தால் போகச் சொன்னார். மைசூர்ப் பருப்பு இரண்டு, தேங்காய்ப்பால் இரண்டு, கடலை, ரின் மீன், எண்ணெய் என்று எடுத்து, கவுன்ரரில் நாலு பவுணைக் கொடுத்துத் துண்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தேன். அன்றைக்கு என்ன கறி என்று நான் நினைத்தேனோ அதுதான் கறி. இதை அனுபவிக்காதவர்களுக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

வடமராட்சிப் பக்கத்து அம்மா ஒருவர், எழுபது வயது தாண்டியவர், எங்களோடு வருவார். ஒருநாள் கைச்சைகையால் புளி வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார், ஒருவருக்கும் பிடிபடவில்லை. நான் போய்ச் சொன்னதும் அங்கே நின்ற வெள்ளைக்கார அம்மா கொப்பியை எடுத்து எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். மூன்று கிழமை கழித்துத் தட்டில் பழப்புளி ஆறு பைக்கற் இருந்தது. மஞ்சள் ஸ்ரிக்கர். அம்மா இரண்டு எடுத்தார்.

சாமானின் தரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பெரும்பாலானது சுப்பர்மார்க்கெற்றுகளிலும் மொத்தக் களஞ்சியங்களிலும் மிஞ்சுகிற நல்ல சாப்பாடு. லண்டனில் 2016-ல் தொடங்கிய பீலிக்ஸ் புரொஜெக்ற்றின் பச்சை வான்களைக் கண்டிருப்பீர்கள், அவர்களைப் போன்றவர்கள்தான் சேர்த்துக் கொண்டுவந்து தருகிறார்கள். நெளிந்த ரின்னும் கிழிந்த பெட்டியும் இருக்கும், உள்ளே ஒரு பழுதும் இராது. திகதியைப் பார்க்கப் பழகுங்கள்: 'பெஸ்ற் பிஃபோர்' என்றால் அதற்குப் பிறகு ருசி கொஞ்சம் குறையலாம், சாப்பிடலாம். 'யூஸ் பை' கடந்தால் தொடவே கூடாது, அதை அவர்கள் தட்டில் வைப்பதும் இல்லை. மிஞ்சுவது எதுவோ அதுதான் வரும் என்பதால் ஒரு கிழமை அவகாடோ குவிந்திருக்கும், வெங்காயம் ஒன்றும் இருக்காது. பெரிய அரிசிப் பை பதினொரு மாதத்தில் ஒருதடவை கூடக் காணவில்லை. பிள்ளைகளுக்கான நப்பி எப்போதாவது வரும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆறு கிழமை நான் எடுத்ததை எழுதிவைத்து, சுப்பர்மார்க்கெற் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். குறைந்தது 19 பவுண், கூடியது 26. நாலு பவுணைக் கழித்தால் கிழமைக்குப் பதினைந்துக்குக் குறையாமல் மிச்சம். குளிர்காலத்தில் எங்கள் மீற்றருக்கு அந்தக் காசுதான் போனது.

ஆனால் காசுக் கணக்கில் பார்த்தால் எனக்குக் கூட உதவியது தட்டு இல்லை, மண்டபத்தின் மூலையில் இருக்கிற மேசை. இரண்டு கிழமைக்கு ஒருதடவை ஆலோசனை சொல்கிற பெண் ஒருவர் மடிக்கணினியோடு வந்து இருப்பார். யுனிவேர்சல் கிரெடிற் எடுத்தால் வீட்டுக்குக் கட்டுகிற உள்ளூர் வரியான கவுன்சில் ராக்ஸில் கழிவும் தானாக வரும் என்று ஒன்றரை வருடம் நினைத்திருந்தோம். வராது. கவுன்சிலுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த மேசையில் இருபது நிமிடத்தில் போட்டு முடித்தோம். இன்னொன்று, லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து அரச ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம், அதனால் இலவசச் சாப்பாட்டு ஃபோம் நிரப்பத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வருமானம் குறைந்த பிள்ளை என்று பதிந்தால்தான் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரில் 'பியூப்பில் பிரீமியம்' என்ற மேலதிகக் காசு வரும், பாடத்தில் பின்தங்குகிற பிள்ளைகளைத் தூக்கிவிடுகிற வகுப்புகளை அதில் நடத்தலாம்.

விசாவில் வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. உங்கள் விசாவில் பொது நிதி, அதாவது அரச உதவிப் பணம், எடுக்கக் கூடாது என்று இருந்தாலும் இப்படியான தொண்டுக் கடையில் சாமான் எடுப்பது அதற்குள் வராது. பயப்படாமல் வாருங்கள். சந்தேகம் என்றால் அந்த மேசையிலேயே கேட்கலாம்.

அங்கே வருபவர்கள் யார் என்றால், வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள்தான் என்று நினைக்காதீர்கள். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் கெயார் வேலைச் சீருடையோடு நிற்பார், பின்னால் நிற்பவர் மஞ்சள் ஜக்கெற்றோடு டிப்போவிலிருந்து நேரே வந்திருப்பார். 2023-24 கணக்கின்படி இந்த நாட்டில் வறுமையில் இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 45 இலட்சம், அதில் பத்தில் ஏழு பேரின் வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போனார். எங்கள் பிளாற் ஜன்னலால் பார்த்தால் பெரிய வங்கிகள் இருக்கிற கனேரி வோர்ஃப் கட்டடங்கள் இரவில் மினுங்குவது தெரியும், அங்கே கூட்டித் துடைக்கப் போகிற இரண்டு பெண்கள் செவ்வாய்க்கிழமை எங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். மணித்தியாலத்தைக் கூட்டி உழைத்தால் முன்னேறலாம் என்று சுலபமாகச் சொல்வார்கள். இவர் ஓவர்ரைம் செய்கிற மாதம், ஒரு அளவுக்கு மேல் கையில் வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் யுனிவேர்சல் கிரெடிற்றில் 55 பென்ஸ் குறையும். பஸ் காசும் போனால் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்றதற்கு என்ன மிச்சம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். எங்கள் வரிசையில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் இருக்கிறார். 2017 ஏப்ரலில் கொண்டுவந்த இரண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டால் மூன்றாவது பிள்ளைக்கு யுனிவேர்சல் கிரெடிற்றில் ஒரு சதமும் கூட வராமல் வளர்த்தவர். 2025 நவம்பர் பட்ஜெற்றில் அதை நீக்குவதாக அறிவித்தபோது மண்டபத்தில் நின்று அழுதார்.

சரி, குறைகள்.

நேரம்தான் முதல் குறை. செவ்வாய் 11 மணியிலிருந்து 2 மணி வரை மட்டும். வேலைக்குப் போகிறவர்களுக்காக நடக்கிற கடை வேலை நேரத்தில் திறந்தால் என்ன செய்வது? சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து, வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். மாதத்தில் ஒரு பின்னேரமாவது திறக்கச் சொல்லிக் கேட்டோம், ஆள் இல்லை என்றார்கள். அது உண்மைதான், இருந்தாலும் திரும்பவும் கேட்பேன். அடுத்தது, தொடர்ந்து நாலு கிழமை வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஷிஃப்ற் வேலைக்காரருக்கு இது நியாயமில்லை. வரிசை வெளியில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நிற்கிறது. மழை ஒரு பக்கம், தெரிந்தவர்கள் காணுவது இன்னொரு பக்கம். உள்ளே கதிரை போட்டு இலக்கம் கொடுத்தால் இரண்டும் தீரும்.

இன்னுமொன்று, ஒரு நாள் நான் கைமறதியாக மூன்றாவது சிவப்பு ஸ்ரிக்கர் சாமானை எடுத்துவிட்டேன். கவுன்ரரில் நின்ற இளம் பெடியன் எல்லோருக்கும் கேட்கும்படி "ரெட் ரெண்டுதான்" என்று சொல்லி வாங்கித் திரும்ப வைத்தான். பெடியனில் பிழை இல்லை, விதி அது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நான் பழைய பைக்கு முன்னால் நின்ற ஆளாகிவிட்டேன், அடுத்த கிழமை போக மனம் வரவில்லை. புதிதாக நிற்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஸ்ரிக்கர் கணக்கு இல்லை, எந்தக் குரலில் அதைச் சொல்வது என்பதுதான். இதைப் பொறுப்பாக இருக்கிற அம்மாவிடம் பிறகு சொன்னேன். கேட்டார், கொப்பியில் எழுதினார்.

போன வைகாசியிலிருந்து நானும் மாதத்தில் இரண்டு செவ்வாய் தட்டு அடுக்க நிற்கிறேன். அவர்களே காசு கட்டி உணவுச் சுகாதாரம் இரண்டாம் நிலைச் சான்றிதழ் எடுக்க வைத்தார்கள். அதைக் காட்டித்தான் இப்போது ஒரு நேசறிக் குசினியில் கிழமைக்குப் பதினான்கு மணித்தியால வேலை கிடைத்திருக்கிறது. இன்னும் கடையின் உறுப்பினர்தான், இன்னும் நாலு பவுண் கட்டித்தான் எடுக்கிறேன்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது நேரத்துக்கும் வரிசைக்கும்.

போகிறவர்கள் பை கொண்டுபோங்கள், அங்கே பை இல்லை. முகவரி இருக்கிற கடிதம் ஒன்று, நாலு பவுண் சில்லறையாக. முட்டை வேண்டுமென்றால் 10.40-க்கு முன்னர் வரிசையில் நில்லுங்கள். எங்கடை ஆக்கள் வாறவையோ என்று கேட்டீர்களே, போன செவ்வாய் ஒன்பது பேர் நின்றோம்.