சண்டை போடுமுன் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குங்கள்

அம்மாவுக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்த ஏழாவது வாரம், வேறொரு மருத்துவமனையில் அந்த எக்ஸ்ரேயைப் பார்த்தேன். விலா எலும்புக்குக் கீழே, சுருண்டு மடிந்த வெள்ளை நூல் போல ஒன்று. அறுவை அரங்கில் பயன்படுத்தும் காஸ் துணியில், தப்பித் தவறி உள்ளே தங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியட்டும் என்றே அப்படி ஒரு நூலை வைத்திருப்பார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன் ஆறு வாரமும் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். முதல் மருத்துவமனையில் மூன்று முறை காட்டினோம். வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதினார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தது ஒரே ஒரு முறை.

இரண்டாவது அறுவையில் துணியை எடுத்தார்கள், அம்மா பிழைத்துக்கொண்டார். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

முதல் மருத்துவமனைக்குப் போய், அறுவை செய்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றோம். அவர் வரவில்லை, நிர்வாக அலுவலர் வந்தார். தணிந்த குரல், குறையில்லாத மரியாதை. ஆனால் ‘துணி’ என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியவில்லை. சிக்கல் என்றார், எதிர்பாராதது என்றார். கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். தம்பி பேனாவையே எடுத்துவிட்டான். அம்மாதான், “துணி எப்படி உள்ளே போனது என்று அதில் எழுதியிருக்கிறதா, படித்துச் சொல்லப்பா” என்றார். அது இல்லை. ‘இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம்’ என்பது இருந்தது. இப்படி ஒரு தாளை நீட்டினால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்புங்கள்.

மருத்துவர்மேல் வழக்குப் போடுபவர்கள் பணத்துக்கு அலைபவர்கள் என்று நானும் ஒரு காலத்தில் பேசியவன்தான். பிரிட்டனில் சட்ட நடவடிக்கையில் இறங்கிய 227 நோயாளிகளையும் உறவினர்களையும் கேட்டு எழுதிய ஆய்வொன்று 1994இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இழப்பீடு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நடந்ததை யாராவது விளக்க வேண்டும், செய்தவர் பொறுப்பேற்க வேண்டும், இன்னொருவருக்கு இது நேரக்கூடாது என்பவையும் முக்கியமான காரணங்களாக வந்தன. அந்த அலுவலர் உண்மையை ஐந்து நிமிடம் பேசியிருந்தால் நாங்கள் நீதிமன்றப் படியே ஏறியிருக்க மாட்டோம்.

வழக்கறிஞர் எங்கள் கண்ணீரைக் கேட்கவில்லை, காகிதத்தைக் கேட்டார். சிகிச்சையின் முடிவு மோசமானது என்பது மட்டும் போதாதாம். மருத்துவருக்குக் கடமை இருந்தது, அதில் தவறினார், நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தது, அந்தத் தவறினால்தான் நேர்ந்தது என நான்கையும் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்த நான்காவதில்தான் இழுபறி. நோயே காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். எங்கள் வழக்கில் அது சற்று எளிது. துணி தானாக நடந்து போய் வயிற்றுக்குள் உட்காராது.

ஆனாலும் நான் சொதப்பினேன். முதல் நாள் வரவேற்பறையில் கத்தித் தீர்த்தேன். கேஸ் ஷீட்டை, அதாவது சிகிச்சை ஆவணங்கள் முழுவதையும், எழுத்தில் கேட்டது நான்கு மாதம் கழித்து. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்துவிட்டு, மற்றதைத் தேடுகிறோம் என்றார்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் போனபின் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. துணி எண்ணிக்கைத் தாளில், தொடக்கம் என்ற கட்டத்தில் 20. முடிவு என்ற கட்டம் வெறுமை. அதற்குக் கீழே இரண்டு கையெழுத்துகள். நோயாளி அரங்கைவிட்டு வெளியேறுமுன் கருவி, துணி, ஊசிக் கணக்கு சரியா என்று செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலே சொல்கிறது.

ஆகவே கேட்கும்போது பெயர் சொல்லிக் கேளுங்கள்: அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, எண்ணிக்கைத் தாள், ஒப்புதல் படிவம், ஸ்கேன் படங்கள். கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு. சில சட்டங்களில் அது தீங்கு நேர்ந்த நாளிலிருந்து ஓடும், சிலவற்றில் தெரியவந்த நாளிலிருந்து. எங்களுக்கு எக்ஸ்ரே எடுத்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது; நான் கத்திக்கொண்டு திரிந்த நான்கு மாதமும் அதில்தான் கழிந்தது.