கல்லடியில் ஒரு பி.டி.பி.-11/70: சில வருடப் பாவனைக்குப் பிறகு

என் மேசையில் இருப்பது அசல் பி.டி.பி.-11/70 இல்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனி 1975இல் வெளியிட்ட அந்த மினிகம்பியூட்டர் அலுமாரி அளவு வரும். இது அதன் முன்பலகையை 6:10 அளவில் செய்த பைடிபி-11 கிட். பின்னால் ராஸ்பெரி பை என்ற ஒரு சின்னக் கணினி, அதில் பழைய கணினிகளைப் போல நடிக்கும் சிம்ஹெச் மென்பொருள். சோல்டர் பிடித்துப் பழகியவருக்குப் பொருத்துவது கஷ்டமில்லை, நேரம்தான் போகும்.

வாங்கியதற்குப் பலன் அந்தச் சுவிட்சுகள்தான். மும்மூன்றாக நிறம் மாறுவது அழகுக்கில்லை. மூன்று சுவிட்ச் சேர்ந்தால் எட்டை அடியாகக் கொண்ட எண்ணில் (ஆக்டல்) ஓர் இலக்கம். ஐ.சி.டி. படிக்க வரும் உயர்தரப் பிள்ளைகளை 001000 முகவரியிலிருந்து நான்கு எண்கள் போடச் சொல்வேன்: 012737, 000101, 177566, 000777. ஒவ்வொன்றையும் நினைவகத்தில் போட டெப் (டெபாசிட்) சுவிட்சைத் தூக்க வேண்டும், முகவரி தானாக இரண்டு கூடும். திரும்ப 001000 வைத்து ஸ்டார்ட் அழுத்தினால் திரையில் ஒரேயொரு ஆங்கில ‘ஏ’ விழும்.

“இதுக்கா சேர் இவ்வளவு பாடு?” என்பார்கள். இதுக்குத்தான்! 101 அந்த எழுத்தின் குறியீடு, 177566 திரையின் முகவரி. திரைக்கு எழுதவென்று தனிக் கட்டளையே கிடையாது. ப்ராசசருக்கு அதுவும் இன்னொரு நினைவக இடம். ஹால்ட்டில் (நிறுத்தத்தில்) வைத்துக் கன்ட் (தொடர்) சுவிட்சைத் தட்டினால் கட்டளை கட்டளையாக நகரும், முகவரி விளக்குகளும் கூடவே மாறும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எவ்வளவு விளக்கினாலும் இப்படிப் புரியாது.

இரவில் நான் ஓட்டுவது 2.11 பி.எஸ்.டி. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம். ஒரு நிரலுக்கு ஒரே நேரத்தில் கட்டளைகளுக்கு 64 கே.பி., தரவுக்கு 64 கே.பி., அவ்வளவுதான். சி எழுத அது போதும். (சி மொழியில் ஒன்று கூட்டும் குறியான ‘++’ இந்த இயந்திரத்தைப் பார்த்து வந்தது என்று பலர் சொல்வார்கள். தவறு; பி.டி.பி.-11 வருவதற்கு முன்பே அது சிக்கு முந்திய பி மொழியில் இருந்தது.)

குறைகளும் உண்டு. கரண்ட் திடீரென்று போனால் எஸ்.டி. கார்ட் பழுதாகும், சின்ன யூ.பி.எஸ். ஒன்று கட்டாயம். கடற்காற்றில் கனெக்டர் பின்கள் களிம்பேறி ஒரு வரிசை விளக்குகள் அணைந்துவிடும், கழற்றித் துடைத்துப் போட்டால் சரி.

பழைய யூனிக்ஸ் மட்டும் பார்க்க ஆசை என்றால் கிட்டுக்குக் காசு கொட்டாதீர்கள். சிம்ஹெச் இலவசம், பழைய லேப்டொப்பிலேயே ஓடும்.