நோ மேன்ஸ் ஸ்கை: பல வருடம் ஆடிய பிறகு

2018 ஜூலையில் 'நெக்ஸ்ட்' அப்டேட் வந்த பிறகுதான் நோ மேன்ஸ் ஸ்கை என்ற இந்த விண்வெளி கேமை வாங்கினேன். இன்றைக்கும் அவ்வப்போது ஆடுகிறேன். இது அருமையான கேம். ஆனால் கேம் வெளியான 2016 ஆகஸ்டில் 60 டாலர் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது இது இல்லை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பழுதான கப்பலோடு ஏதோ ஒரு கிரகத்தில் கண் விழிப்பீர்கள். வெயிலோ, உறைபனியோ, விஷ மழையோ, விண்வெளி உடையின் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும். மஞ்சள் செடியைத் தேடிப் பறித்து, சோடியம் எடுத்து நிரப்ப வேண்டும். எப்படியோ கப்பலைச் சரிசெய்து, கிளப்பி, மூக்கை மேலே தூக்கினால் மேகம் விலகி அப்படியே விண்வெளி. நடுவில் லோடிங் திரையே கிடையாது. அது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பையில் எப்போதும் இடம் போதாது என்பதும், எங்கே இறங்கினாலும் அதே மாதிரிக் கட்டடங்கள் என்பதும்தான் அலுப்பு. 18 குவிண்டில்லியன் (18க்குப் பின் 18 பூஜ்ஜியம்) கிரகங்கள் என்ற கணக்கு பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் புதுசாக இருக்கும் என்று அந்த எண் எங்கேயும் சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொண்டது வாங்கியவர்கள்தான்.

மல்டிபிளேயர், அதாவது பலர் சேர்ந்து ஆடும் விஷயம் அப்படியில்லை. கேமை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் நிறுவனத்தின் ஷான் மர்ரி, வெளியீட்டுக்கு முந்தைய பேட்டிகளில், வீரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கலாம், வாய்ப்புதான் மிகக் குறைவு என்கிற மாதிரி பேசினார். இது மல்டிபிளேயர் கேம் இல்லை என்று ட்விட்டரில் தெளிவாகச் சொன்னது வெளியாகும் தறுவாயில். முன்பதிவுப் பணம் எப்போதோ போய்விட்டது. வெளியான வேகத்தில் இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்று பார்த்தார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே இல்லை. இதில் வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேராகக் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை நம்பியது தப்பா?

பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு, கேமின் விளம்பரம் ஏமாற்றியதா என்று விசாரித்து, 2016 நவம்பரில் தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது பார்த்தது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் விற்பனைப் பக்கத்தில் இருந்த படங்களையும் வீடியோக்களையும். பேட்டியில் கொடுத்த வாக்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அப்புறம் வந்த பெரிய அப்டேட்கள் எல்லாமே இலவசம். முழு மல்டிபிளேயர் 2018இல், விஆர் (தலையில் மாட்டும் கருவியோடு ஆடுவது) 2019இல். அந்த உழைப்பை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் "கடைசியில் சரிசெய்துவிட்டார்களே" என்று பழசைத் துடைத்துவிடுவதை ஏற்க முடியவில்லை. முதலில் வாங்கியவர்கள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

வாங்குபவரின் பங்கு என்று நான் நினைப்பது ஒன்றுதான்: வெளியாகும் முன் பணம் கொடுக்காமல் இருப்பது. டிஜிட்டல் கேம் ஸ்டாக் தீர்ந்துபோகாது. முன்பதிவு செய்தாலும் ரீஃபண்ட் இருக்கிறதே என்பார்கள். ஆனால் கேம் வெளியான பிறகு, ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பும். இந்த கேமில் பொறுமையாக ஆடுபவருக்கு முதல் ஒன்றிரண்டு கிரகங்களைத் தாண்டுவதற்கே அந்த நேரம் சரியாகிவிடும். அதனால் டிரெய்லரை விட்டுவிட்டு, யாராவது வெட்டாமல் ஆடிய ஒரு மணி நேர வீடியோவைப் பாருங்கள்.

இப்போது வாங்கலாமா? தாராளமாக. தள்ளுபடியில் அடிக்கடி பாதி விலைக்கு வருகிறது. கூட ஆட ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது, சேர்ந்து ஒரு பேஸ் கட்டலாம்.