வீட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் பதிவு செய்ய எந்த மைக்?

அக்கூஸ்டிக் கிட்டாரை வீட்டிலேயே பதிவு செய்ய மைக் வாங்க வேண்டும் என்று விசாரிப்பவர் காதில் பெரும்பாலும் விழுகிற பெயர்கள் மூன்று: ஷூர் எஸ்எம்57, ஆடியோ-டெக்னிகா ஏடி2020, ரோட் என்டி5. இம்மூன்றையும் ஒரே கிட்டார், ஒரே ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரே அறை என்று வைத்துக்கொண்டு சில மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். அறை என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு படுக்கையறை. தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று, ஒரு சுவர் முழுக்கத் துணி அலமாரி, தலைக்கு மேலே மின்விசிறி. பெரும்பாலோர் பதிவு செய்யும் இடம் இப்படித்தான் இருக்கும் என்பதால், ஸ்டுடியோவில் எது சிறந்தது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

எஸ்எம்57 டைனமிக் வகை, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் தராமலே வேலை செய்வது. 1965 முதல் விற்பனையில் இருக்கிறது, கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது. மற்ற இரண்டும் கண்டன்சர் வகை. இண்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், வந்தால்தான் வேலை செய்யும். இந்த வேறுபாட்டைச் சொன்னவுடன் பலர் அடுத்ததாகச் சொல்வது, "உங்கள் அறையில் இரைச்சல் அதிகம், அதனால் டைனமிக் வாங்குங்கள், அது சுற்றுப்புறச் சத்தத்தை எடுக்காது" என்பதாகும். நானும் அதை நம்பித்தான் முதலில் எஸ்எம்57 வாங்கினேன். அந்த அறிவுரையில் பாதிதான் உண்மை.

கிட்டாரின் ஒலியும் தெருவின் ஒலியும் ஒரே காற்று வழியாகத்தான் மைக்கை வந்தடைகின்றன. எஸ்எம்57-இன் உணர்திறன் (ஒரே ஒலிக்கு மைக் தரும் சிக்னலின் அளவு) ஏடி2020-ஐ விட ஏறத்தாழ 19 டெசிபல் குறைவு. ஆகவே கெயினை (இண்டர்ஃபேஸ் அந்தச் சிக்னலைப் பெருக்கும் அளவை) தொடாமல் கேட்டால் ஆட்டோ சத்தம் மங்கியது போலத் தோன்றும், ஆனால் கிட்டாரும் அதே அளவுக்கு மங்கியிருக்கும். கிட்டார் சரியான அளவுக்கு வரும்வரை கெயினை ஏற்றினால் ஆட்டோவும் கூடவே ஏறி வந்துவிடும். மூன்றுமே முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும் கார்டியாய்டு மைக்குகள் என்பதால், ஒரே தூரத்தில் வைத்து ஒரே அளவுக்குக் கெயினைச் சரிசெய்து கேட்டபோது, பின்னணியில் இருந்த தெருச் சத்தம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. மேடையில் டைனமிக் மைக் சுத்தமாகக் கேட்பதற்கு முக்கியக் காரணம், அதை வாயருகே, ஆம்ப் அருகே ஒட்டிப் பிடிப்பதுதான். தூரத்தைப் பாதியாக்கினால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் கூடும். எந்த மைக்கை வாங்கினாலும் இந்த 6 டெசிபல் இலவசம்.

இன்னொரு பக்கம், விரலால் மெதுவாக மீட்டும்போது எஸ்எம்57-க்குக் கெயின் குமிழை ஏறக்குறைய முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது, அப்போது என் சிறிய இண்டர்ஃபேஸின் சீறல் பதிவில் தெளிவாகவே கேட்டது. பிக் கொண்டு அழுத்தி ஸ்ட்ரம் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. நடு அதிர்வெண்கள் முன்னே நிற்பதால் பாடகரின் குரலுக்குப் பின்னால் வாசிக்கும் கிட்டாருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. தனியாக ஒலிக்கும் கிட்டாருக்கு மட்டும் அதில் மேல் அதிர்வெண்களின் மினுக்கம் போதவில்லை.

ஏடி2020-இல் அந்த மினுக்கம் தாராளமாகவே உண்டு, புதுக் கம்பி மாட்டிய நாளில் சற்று அதிகம் என்றும் சொல்லலாம். கம்பி மேல் விரல் வழுக்கும் கீச்சொலியையும் அது விடாமல் எடுத்துக் காட்டும். இதன் சுய இரைச்சல் (மைக் தானே உண்டாக்கும் சீறல்) 20 டெசிபல், என்டி5-இன் அளவு 16 டெசிபல். தாளில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியும் இந்த நான்கு டெசிபல், நடு இரவில்கூட 30 டெசிபலுக்குக் கீழே இறங்காத ஒரு வீட்டில் கேட்கவே கேட்காது. வாங்கும் முன் சுய இரைச்சல் அட்டவணைகளை ஒப்பிட்டு நான் செலவழித்த மாலைகளை மின்விசிறியை நிறுத்திப் பழகுவதற்குச் செலவிட்டிருக்கலாம். ஒரு குறிப்பு: ஏடி2020 பக்கவாட்டில் கேட்கும் மைக். அதன் நுனியைக் கிட்டாரை நோக்கி நீட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்துவிட்டு, ஒலி ஏன் இப்படி மந்தமாக இருக்கிறது என்று குழம்பியவன் நான். மற்ற இரண்டும் நுனியால் கேட்பவை.

என்டி5 பென்சில் போல மெலிந்தது, அரை அங்குல டயாஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) கொண்டது. சிறிய டயாஃப்ரத்தின் நன்மை, பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியின் குணமும் அதிகம் மாறாமல் இருப்பது. வாசிக்கும்போது என்னைப் போல முன்னும் பின்னும் அசைகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உதவுகிறது. கம்பிகள் தனித்தனியே பிரிந்து கேட்கின்றன, கீச்சொலி துருத்துவதில்லை. விலை ஏடி2020-ஐ விட நன்றாகவே கூடுதல். கிட்டார் மட்டுமே பதிவு செய்பவருக்கு அது நியாயமான விலை என்பது என் கருத்து; பாடவும் செய்கிறவர் ஏடி2020-உடன் நின்றுவிடலாம், மிச்சப் பணத்தில் ஆட்டம் காணாத ஒரு மைக் ஸ்டாண்டு வாங்கலாம்.

எதை வாங்கினாலும் ஒலித்துளைக்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. கிட்டாரின் உடலுக்குள் அடைபட்ட காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்து அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறுகிறது; மைக்கும் நெருங்கியிருந்தால் கார்டியாய்டு மைக்குகளுக்கே உரிய அடியொலிப் பெருக்கமும் சேர்ந்து, பானைக்குள் வாசித்தது போல ஆகிவிடும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை, அல்லது பன்னிரண்டாம் ஃப்ரெட்டை நோக்கி ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரத்தில் தொடங்கி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே விரல் அளவு விரல் அளவாக நகர்த்த வேண்டும். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்குமாறு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அறையின் எதிரொலியைத் துணிகள் உறிஞ்சட்டும் என்று துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்தபோது எனக்குக் கிடைத்த முன்னேற்றம், ஏடி2020-இலிருந்து என்டி5-க்கு மாறியபோது கிடைத்ததைவிடப் பெரிது.

கடலோர ஊர்க்காரர்கள் கண்டன்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்க வேண்டாம்; ஈரம் ஏறினால் படபடவென்று ஒலிக்கத் தொடங்கும். என்னுடையவை இரண்டும் காற்றுப்புகாத சாப்பாட்டு டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, மழைக்காலம் முழுவதும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. எஸ்எம்57 ஸ்டாண்டில்.