எல்லாரிடமும் இருக்கும் என்று நினைத்த படம்: குடும்ப உலாப் படங்களைப் பகிர்ந்த ஒன்பது ஆண்டு அனுபவம்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டையில் நாங்கள் அப்போது குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் புகுந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஏழு ஆல்பங்களும் நனைந்தன. தண்ணீர் வடிந்து நான்கு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டை போல் இறுகியிருந்தன. பிரிக்க முயன்றபோது ஒரு படத்தில் இருந்த முகம் உரிந்து, அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. காயவிடாமல் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருந்தால் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது வீட்டில் சுத்தமான தண்ணீர் குடிப்பதற்கே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த ஏழு ஆல்பங்களில் ஏறக்குறையப் பாதிப் படங்கள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தன. என் மாமனார் வண்டலூருக்கோ முட்டுக்காட்டுக்கோ போய்வந்தால், 36 படச் சுருளைக் கழுவக் கொடுக்கும்போதே நல்ல படங்களுக்கு மூன்று பிரதி போடச் சொல்லி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் கோவையில் இருக்கும் என் நாத்தனாருக்கும் இன்னொன்றைத் தஞ்சாவூரில் இருக்கும் பெரிய மாமனாருக்கும் தபாலில் அனுப்பிவிடுவார். வெட்டிச் செலவு என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பழக்கத்தால்தான், வெள்ளத்துக்குப் பிறகு கோவையிலிருந்து ஒரு காலணிப் பெட்டி நிறையப் படங்கள் வந்து சேர்ந்தன.

இனி தாளை நம்பக் கூடாது என்று முடிவு செய்து, 2016 ஜனவரியில் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தேன். ஒன்று, பதினேழு பேர் கொண்ட குடும்ப வாட்ஸ்அப் குழு. மற்றொன்று, கூகுள் போட்டோஸ் கணக்கு. இந்த ஒன்பது ஆண்டுகளில் இவ்விரண்டையும் எப்படிப் பயன்படுத்தினோம், எங்கே தவறினோம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

குழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உடனுக்குடன் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. வேடந்தாங்கலில் எடுத்த படங்களைப் போட்டால், திரும்பும் வழியில் பரனூர் சுங்கச்சாவடியை நாங்கள் தாண்டுவதற்குள், கோவையிலிருந்து நாத்தனாரும் மஸ்கட்டிலிருந்து என் அண்ணனும் பதில் எழுதிவிடுவார்கள். ஒரே ஒரு பாடம் மட்டும் சீக்கிரமே கற்றோம்: 140 படங்களை மொத்தமாகக் கொட்டினால் யாரும் பார்ப்பதில்லை, பன்னிரண்டு படம் போட்டால் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு, அதில் யார் இளைத்திருக்கிறார்கள் என்பது வரையில் பேசுகிறார்கள். அதிலும் கைப்பேசியின் ஜூமில் எடுத்த நாரைப் படங்களை நான் இப்போது அனுப்புவதே இல்லை. ஏரி நடுவில் இருக்கும் வெள்ளைப் புள்ளி நாரைதான் என்பது எடுத்தவருக்கு மட்டுமே தெரியும்.

குழு எதற்கு ஆகாது என்பது புரிய எனக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன.

2018 ஜனவரியில் மாமல்லபுரம் போயிருந்தோம். வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தோளால் தாங்குவது போலவும் தள்ளுவது போலவும் நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கு போகிற எல்லாரும் செய்வதுதான். என் மாமனாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதாகப் பாவனை செய்ய, பக்கத்தில் நின்ற மாமியார், "விழுந்து வைக்கப் போறீங்க" என்று அதட்டிக்கொண்டே சிரித்தார். அந்த நொடியைக் கொழுந்தனார் மகன் தன் கைப்பேசியில் பிடித்துவிட்டான். குழுவில் அத்தனை பேரும் கொண்டாடிய படம் அது. பலர் அதை மாதக்கணக்கில் முகப்புப் படமாக வைத்திருந்தார்கள். ஆகவே அது பத்திரமாக எல்லாரிடமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2024இல் மாமனாரின் சதாபிஷேகத்துக்கு அந்தப் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் போட்டு மண்டப வாசலில் வைக்கலாம் என்று ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் படத்தைக் கணினியில் திறந்து, மாமியாரின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணோரத்தில் சிறு சிறு சதுரங்கள் தெரிந்தன. சேலைக் கரையின் ஜரிகைக் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து வெறும் மஞ்சள் பட்டையாகியிருந்தன. "மேடம், இது வாட்ஸ்அப்ல வந்த படம். இந்த சைஸ்ல போட்டா உடையும். யார்கிட்டயாவது ஒரிஜினல் இருக்கும், கேட்டுப் பாருங்க" என்றார்.

கணக்கு எளிமையானதுதான். 12 மெகாபிக்சல் கைப்பேசி எடுக்கும் படம் பொதுவாக 4000க்கு 3000 பிக்சல் அளவில் இருக்கும். அதே படம் வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் போகும்போது, நீளவாட்டில் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருக்கப்படுகிறது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருப்பது நல்லது என்பார்கள். 200 இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. 1600 பிக்சலை 4க்கு 6 அங்குலப் படமாகப் போட்டால் நன்றாகவே வரும். அதையே 18 அங்குலத்துக்கு நீட்டினால், அங்குலத்துக்கு 89 பிக்சல்தான் மிஞ்சும். மூலப்படம் கையில் இருந்திருந்தால் 222 கிடைத்திருக்கும்.

குழுவில் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது பேர் அனுப்பினார்கள்; ஒன்பதும் அதே சுருங்கிய படம்தான். ஒருவர் அனுப்பியது திரையைப் பிடித்த ஸ்கிரீன்ஷாட். அதன் தலையில் பேட்டரி 14 சதவீதம் என்று வேறு இருந்தது. படம் எடுத்த பையனோ, இடையில் இரண்டு கைப்பேசி மாற்றிவிட்டான். "எல்லார்கிட்டயும்தான் இருக்கே சித்தி, அதான் அழிச்சிட்டேன்" என்றான். அவன்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. அதே நம்பிக்கையில் நானும் எத்தனையோ படங்களை அழித்திருக்கிறேன். மாமனார் மூன்று ஊரில் வைத்த மூன்று பிரதிகளும் ஒரே தரத்தில் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று அதன் இடத்தில் நிற்கும். நாங்கள் பதினேழு பேரிடம் வைத்தது பதினேழு நகல்கள், மூலம் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் அந்தப் படத்தை 5க்கு 7 அங்குலத்தில் போட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட் வைத்துப் பெரிய சட்டத்தில் மாட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது; ஆனால் மண்டப வாசலில் ஒவ்வொருவரும் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது நிலைமை சற்று மேல். 2023 ஆகஸ்டிலிருந்து எச்டி தரத்தில் அனுப்பும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது; அதைத் தெரிவு செய்தால் படம் குறைவாகச் சுருங்கும், ஆனாலும் மூலம் ஆகாது. மூலம் அப்படியே போக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது, எடுத்த தேதியோடு எடுத்த இடமும் படத்துக்குள் சேர்ந்தே போய்விடும். மாமல்லபுரத்தில் எடுத்ததென்றால் கவலையில்லை. வீட்டு மாடியில் எடுத்ததை அதிகம் பழகாதவருக்கு அனுப்பும் முன் யோசிக்க வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. கோப்பின் பெயரில் இருப்பது நமக்கு வந்த தேதியே தவிர, படம் எடுத்த தேதி அன்று. பொங்கல் படத்தை ஒருவர் மாசியில் அனுப்பினால், அது மாசிப் படமாகிவிடும்.

கூகுள் போட்டோஸில் பகிர்வு ஆல்பம் போடும் முறைக்கு 2019இல்தான் வந்தேன். ஒவ்வொரு உலாவுக்கும் ஓர் ஆல்பம். போன எல்லாரும் தாங்கள் எடுத்ததை அதில் சேர்ப்பார்கள். தேதி, நேர வரிசையில் தானாக அடுக்கிக்கொள்ளும். நான்கு கைப்பேசிகளில் எடுத்த படங்கள் ஒரே கதையாக வரிசைப்படுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி தனி. ஒருமுறை மட்டும் பெரிய நாத்தனார் பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்துச் சேர்த்த தட்சிணசித்ராப் படங்களைக் காணவில்லை என்று இரண்டு நாள் தேடினோம். பேட்டரி மாற்றியதில் அந்தக் கேமராவின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்டிருந்தது. படங்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில், எங்கள் திருமணத்துக்கும் முந்தைய ஆண்டில் போய் உட்கார்ந்திருந்தன. கணினியில் திறந்து மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தேதியைத் திருத்திய பிறகுதான் வரிசைக்கு வந்தன.

முகங்களை அடையாளம் கண்டு பிரித்து அடுக்கும் வசதியும் அதில் உண்டு. கோவையிலிருந்து வந்த காலணிப் பெட்டிப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றியபோது, சின்ன வயது மாமியாரின் படத்தையும் என் மகளின் படத்தையும் காட்டி, இருவரும் ஒருவர்தானா என்று கேட்டது. சாயல் உண்டு என்று நாங்கள் பத்து வருடமாகச் சொல்லியும் ஒப்புக்கொள்ளாத என் மகள் அன்றோடு அடங்கிவிட்டாள்.

இதிலும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பகிர்வு ஆல்பத்தில் நமக்குத் தெரியும் படம் நம்முடையது ஆகிவிடுவதில்லை. சேர்த்தவர் தன் கணக்கிலிருந்து அழித்தாலோ ஆல்பத்தை விட்டு விலகினாலோ, அவர் சேர்த்த படங்களும் போய்விடும். சேமி என்பதைத் தொட்டு நம் கணக்கில் ஏற்றிக்கொண்டால்தான் அது நம்மிடம் இருக்கும். அப்படி ஏற்றினால் நம் இடமும் குறையும். 2015இல் தொடங்கியபோது உயர்தரம் என்ற அளவில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்று இருந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்று, மின்னஞ்சல் உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம் என்று ஆனது. நான் ஆண்டுக்கு 1300 ரூபாய் கட்டி 100 ஜிபி வாங்கி, அதைக் குடும்பத்தில் மற்றவர்களோடு பங்கிட்டுக்கொள்கிறேன். வீடியோக்களைச் சலித்து எடுத்துவிட்டால் இந்த இடம் எங்களுக்குத் தாராளமாகப் போதும்.

ஆல்பத்தின் இணைப்பை வைத்திருக்கும் எவரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தஞ்சாவூர்ப் பெரிய மாமனார், கோவளம் கடற்கரைப் படங்கள் அடங்கிய இணைப்பைத் தன் மகனுக்கு அனுப்புவதாக நினைத்துக் குடியிருப்போர் சங்கக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். தண்ணீர் வரி பற்றிய விவாதத்துக்கு நடுவே, ஈர உடையில் நின்ற எங்கள் குடும்பம் மொத்தமும் போய் விழுந்தது. நாற்பது நிமிடத்தில் நான் இணைப்புப் பகிர்வை நிறுத்திவிட்டேன். அதன்பிறகு இணைப்பாக அனுப்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கின் பெயரில்தான் சேர்க்கிறேன். பதினான்கு வயதாகிவிட்ட என் மகளும், தன் படத்தை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன் தன்னைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான், கேட்டுத்தான் வைக்கிறோம்.

கோயில் உலாக்களில் படம் எடுக்கும் பேச்சே குறைந்துவிட்டது. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி, 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு, காஞ்சிபுரம் போனாலும் கோபுர வாசலில் ஒரு குழுப் படத்தோடு சரி. எனக்கு இதில் வருத்தம் இல்லை.

மாமியார் இந்த ஆல்பம் எதையும் பார்ப்பதில்லை. அவர் கையில் இருப்பது பொத்தான் வைத்த கைப்பேசி. என் கைப்பேசியில் காட்டினாலும் விரல் பட்டு வேறு படத்துக்குப் போய்விடுவதால், இரண்டு படத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே தாளை நம்பக் கூடாது என்று 2016இல் எடுத்த முடிவைச் சதாபிஷேகத்துக்குப் பிறகு தளர்த்திக்கொண்டேன். ஒவ்வொரு உலாவுக்குப் பின்பும் மூலப்படங்கள் ஆல்பத்துக்கும், அவற்றின் இன்னொரு பிரதி வெளி ஹார்டு டிஸ்குக்கும் போகின்றன. பன்னிரண்டு படம் குழுவுக்குப் போகிறது. அந்தப் பன்னிரண்டில் மாமியார் தேர்ந்தெடுக்கும் ஆறோ ஏழோ 4க்கு 6 அங்குலத்தில் அச்சாகின்றன. ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை சென்னைப் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்வதால், காகித உறைகளில் போட்டு, மேல்தட்டில் வைக்கிறேன்.

கடந்த ஜனவரியில் பழவேற்காடு போய்வந்தோம். டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நின்ற படத்தை மாமியார் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஏரியில் பூநாரைகள் வரிசையாக நின்ற படத்தை எடுத்துக்கொண்டார். பிரிண்ட்கள் வந்த அன்று, மாமனார் தாமாகவே அவற்றை மூன்று கட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பின்புறத்தில் ஊரும் தேதியும் எழுத உட்கார்ந்தார். பால்பாயிண்ட் பேனா அழுந்தினால் முன்பக்கம் தடம் விழும், மார்க்கரால் எழுதுங்கள் மாமா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். கோவைக்குப் போன பிரதியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பூநாரை வரிசைக்கு மேலே, வானத்தில், "பழவேற்காடு" என்று திருப்பிப் போட்ட எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரிகின்றனவாம்.