எட்டு வருட நாட்குறிப்பு: பினாங்கிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி. ஜாலான் பி. ரம்லி பக்கம் மாடியில் ஒரு வாடகை அறை. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை, போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க லேசா தூறல்மா, சாப்ட்டுப் படுக்கப் போறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், கைக்குக் கிடைத்த நோட்டில் உண்மையில் நடந்ததை இரண்டு பக்கம் எழுதினேன். பினாங்கு வந்து அப்போது மூன்று மாதம். அப்படிப் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

"டைரி எழுதி என்னய்யா கண்ட?" என்று ஃபேக்டரி நண்பர்கள் கேட்கிறார்கள். ஊருக்குப் போன் செய்தால் நான் எப்போதும் நல்லா இருக்கேன். அவர்களும் எப்போதும் நல்லா இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன சேதியே இருபது நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. இரண்டு பக்கமும் சொல்லாமல் விட்டதில் என் பங்கையாவது எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

முதலில் நோட்டு. லிட்டில் இந்தியாவில் வாங்கிய கோடுபோட்ட பள்ளிக்கூட நோட்டுதான். எழுத சுகம், வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. இந்தத் தீவின் ஈரக்காற்று எதையும் விடாது. அலமாரியில் அடுக்கிய நோட்டுகளில் ஆறே மாதத்தில் தவிட்டு நிறப் புள்ளிகள், ஜெல் பேனா எழுத்தெல்லாம் ஊதிப்போய் நிற்கும். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துச் சேர்த்து நடுவில் வைத்தேன். அப்படியும் 2018 ஏப்ரல் மாதம் முழுக்க ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. பிரித்தால் கிழிகிறது. அந்த மாதம் நான் என்ன செய்தேனென்று யாருக்கும் தெரியாது.

பிறகு போனுக்கு மாறினேன். தமிழில் தட்டச்சு செய்யும் செல்லினம் செயலியைப் போட்டு, அதிலுள்ள தமிழ்99 விசை அமைப்புக்கு விரல் பழக மூன்று வாரம். அதன்பின் வேகத்தில் குறையே இல்லை. சென்னைச் சரக்கென்றுதான் நினைத்திருந்தேன். அதைச் செய்த முத்து நெடுமாறன் மலேசியர் என்று இங்கே ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. போனில் வேறு கோளாறு: பதிவு சுருங்கிவிடும். "மழை. ஓ.டி. நாசி கண்டார் சோறு." ஒரு நாளே முடிந்தது! 2021-ல் போன் தண்ணீரில் விழுந்தபோது நாற்பத்தொரு நாள் பதிவும் கூடவே போயிற்று. பேக்கப் எடுக்காதது என் சோம்பேறித்தனம், வேறு யாரையும் சொல்ல முடியாது. இப்போது வார நாளில் போன், ஞாயிற்றுக்கிழமை நோட்டு.

எதிர்பார்க்காத பயன் ஒன்று: நாள் கணக்கு. மலேசியாவில் ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாள் இருந்தால் வரிக்கு நீங்கள் உள்நாட்டுவாசி. ஊரில், அதாவது இந்தியாவிலும், அதே 182-தான், ஆனால் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. அம்மா படுத்த வருடம் நான்கு முறை போய்வந்ததில் கணக்கு குழம்பி, பாஸ்போர்ட் முத்திரையும் மங்கலாக இருந்தது. நாட்குறிப்பில் தேடினேன். "கோலாலம்பூர் வழியா பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் வந்து சேர்ந்தேன், ராத்திரி 11.40. ஊறுகாய் கசிஞ்சு மூணு சட்டை போச்சு." தேதி கிடைத்தது. சட்டையில் ஒன்று இன்னும் இருக்கிறது, கறையோடு.

குறையும் சொல்லவேண்டும். மனக்குறையை எழுதினால் அது கொழுத்துப்போகும். 2019-ல் ஒரு மேற்பார்வையாளரைத் திட்டித் தொடர்ந்து பதினோரு நாள் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் பாதித் தப்பு என்னுடையது.

சில நாட்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்பதும் உண்டு. 2020 பிப்ரவரி 8, தைப்பூசம்: "தண்ணீர்மலைப் படியில் ஒன்றரை மணி நேரம். முன்னால் போனவர் காவடி என் தோளை உரசிக்கொண்டே வந்தது." முப்பத்தொன்பதாவது நாள், மார்ச் 18, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய அன்று: "ரோட்டில் ஒரு நாய். அதுவும் நடுரோட்டில் படுத்திருந்தது."

என் தமிழ் மாறியதையும் இதில்தான் பார்த்தேன். முதல் நோட்டில் காலையில் "டிபன்" சாப்பிடுகிறேன், "ரிங்கிட்" கொடுக்கிறேன், "பார்சல்" வாங்குகிறேன். இப்போது பசியாறுகிறேன், வெள்ளி கொடுக்கிறேன், தப்பாவ் பண்ணுகிறேன். எப்போது மாறினேன் என்று பார்க்கப் போனில் "வெள்ளி" என்று தேடினால் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்து நிற்கிறது, தைப்பூசத்து வெள்ளி ரதத்தையும் இழுத்துக்கொண்டு. தேடுவதை விட்டுவிட்டேன். கீழ்வீட்டு அக்கா தினம், "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டதில் ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்கவேண்டும்.

ஒவ்வொரு ஜனவரி 1-லும் ஒரே வரி இருக்கிறது: "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊருதான்." 2018-லிருந்து வரிசையாக, ஒரு எழுத்து மாறாமல். 2025-லும் இருக்கிறது. அதற்கு அடுத்த வரி: "பால்கனித் தொட்டியில் எலுமிச்சங்கன்று வைத்தேன். காய்க்க மூணு வருஷம் ஆகும்னு அக்கா சொன்னாங்க."