காட்டுக்குள் நடக்கலாம், காட்டோரம் தூங்கலாம்: ஐந்து மோட்டார் ஹோம் பயணங்களின் அனுபவம்

2015 முதல் இதுவரை ஐந்து முறை, மோட்டார் ஹோம் (படுக்கை, சமையல் வசதியெல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் காட்டுப் பகுதியைச் சுற்றி வந்திருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து பெர்த்துக்கு விமானத்தில் ஐந்து மணி நேரம்தான். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும். அதனால் நண்பர்கள் பலரும் எங்களிடம் யோசனை கேட்கிறார்கள். பெரும்பாலும் எந்த வண்டி நல்லது என்றுதான் கேட்கிறார்கள். ராத்திரி அதை எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

முதல் பயணத்தில் ஒரு முகாமின் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டோம். பெம்பர்ட்டன் பக்கம், சுற்றிலும் கேரி மரங்கள், நடுவே வண்டி. உட்லண்ட்ஸ் வட்டாரத்து வீவக அடுக்குமாடி வீட்டில் பன்னிரண்டாவது மாடியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. போனது ஜூன் மாதம், அங்கே குளிர்காலம், மழைக்காலம். மழை ஒன்பது மணிக்கே நின்றுவிட்டது. மரம் மட்டும் விடிய விடியச் சொட்டிக்கொண்டே இருந்தது. தகரக் கூரையில் ஒவ்வொரு சொட்டும் விரலால் தட்டுவதுபோல் கேட்டது. "மழை விட்டும் தூவானம் விடலையேப்பா" என்றார் அம்மா, போர்வைக்குள்ளிருந்து. காலை பத்து மணிவரை வெயில் எட்டிப் பார்க்கவில்லை. துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயவில்லை.

மூன்றாம் நாள் காலை, காற்றே இல்லாத நேரத்தில், பக்கத்துக் காலி இடத்தில் தொடை கனத்துக்கு ஒரு கிளை விழுந்தது. முந்தின நாள் பிள்ளைகள் பந்து விளையாடிய அதே இடம். கேரி 80 மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய யூகலிப்டஸ் வகை. இந்த வகைப் பெரிய மரங்கள் புயல் வராமலே கிளையை உதிர்க்கும் என்று அங்கே வேலை செய்தவர் சொன்னார். அன்றைக்கே வண்டியை வெட்டவெளிக்கு மாற்றினோம். அதிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: பகலெல்லாம் காட்டுக்குள் நடப்போம், இரவில் காடு முடிகிற இடத்தில் தூங்குவோம். வால்போல் அருகே 40 மீட்டர் உயரத்தில், 600 மீட்டர் நீளத்துக்கு மரஉச்சி நடைபாதை ஒன்று 1996 முதல் இருக்கிறது. சக்கர நாற்காலியும் போகும் பாதை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழுவதும் நடந்தார். காட்டைப் பார்க்க அதுபோன்ற இடங்கள் போதும். வண்டிகள் தங்கும் கடலோரக் கேரவன் பார்க்குகளில் இருக்கும் பெப்பர்மிண்ட் மரங்கள் குட்டையானவை, அவற்றின் நிழலில் பயமில்லாமல் நிறுத்தியிருக்கிறோம்.

அடுத்தது மின்சாரம். வண்டியிலுள்ள பேட்டரியால் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் ஓடும். எங்கள் வண்டிகளில் ஹீட்டருக்கும் மைக்ரோவேவுக்கும் வெளி மின்சாரம் வேண்டியிருந்தது, கையோடு கொண்டுபோகும் ரைஸ் குக்கருக்கும் அதேதான். வோல்டேஜ் நம்முடையதுதான், பிளக் மாற்றி மட்டும் போதும். ஜூன் இரவில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது ஹீட்டர் இல்லாமல் வயதானவர்களால் முடியாது. 2017இல் ஒரு பண்ணை முகாமில் "மின்சாரம் உண்டு" என்றதை நம்பிப் போனோம். அங்கிருந்தது சாதாரண 10 ஆம்ப் சாக்கெட். மோட்டார் ஹோம் கேபிளின் பிளக் 15 ஆம்ப், அதன் எர்த் பின் அகலமானது, அந்தத் துளைக்குள் போகவே போகாது. அன்றிரவு எல்லாரும் காலுறையோடும் ஜாக்கெட்டோடும் படுத்தோம். முன்பதிவு செய்யும்போது "15 ஆம்ப் இருக்கிறதா" என்று அப்படியே கேளுங்கள்.

தரை சமமாக இருக்கவேண்டும் என்பதை எங்களுக்குத் தோசைதான் காட்டிக்கொடுத்தது. மாவை ஊற்றி வட்டமாக இழுக்கிறார் மனைவி, அது ஒரு பக்கமாக ஓடி, அங்கே தடித்து வேகாமலும் மறுபக்கம் தீய்ந்தும் போகிறது. அதே சரிவில்தான் குளித்த தண்ணீர் வடியாமல் மூலையில் தேங்கியது. சில வண்டிகளின் கேஸ் பிரிட்ஜும் சாய்வில் சரியாகக் குளிராது. இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தியதும் அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தை மேசையில் வைப்பார். உருண்டால், எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே ஏற்றுப்பலகை வைப்பேன். புல்தரை சைட் (வண்டி நிறுத்தத் தரும் இடம்) மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். வண்டியின் பின்சக்கரம் ஈர மண்ணில் புதைந்து, டிராக்டர் வந்து இழுக்கும்வரை அரை நாள் போனது எங்களுக்கு. சரளையோ கான்கிரீட்டோ போட்ட சைட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணிக்குத்தான் பொழுது சாயும். அந்தப் பழக்கத்திலேயே திட்டம் போட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஜூனில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், கங்காருகள் சாலைக்கு வருவதும் அந்த நேரம்தான். எங்கள் வாடகை ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்றே இருந்தது. பெர்த்திலிருந்து பெம்பர்ட்டன் 300 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் இறங்கி, வண்டி எடுத்து, சாமான் வாங்கிவிட்டு அன்றே அங்கே போய்ச்சேர நினைக்காதீர்கள். முதல் இரவை வழியிலுள்ள பன்பரியில் கழித்துவிடுங்கள். மாலை நான்குக்குள் சைட்டில் நின்றிருக்கவேண்டும்.

கழிவறை எத்தனை தூரம் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வண்டிக்குள்ளேயே ஒன்று இருக்கிறதே என்பார்கள். அதன் கழிவுப் பெட்டியை டம்ப் பாயிண்ட் என்னும் கொட்டுமிடத்தில் போய்க் கொட்டிக் கழுவுவது யாரோ ஒருவர் தலையில்தான் விழும், எங்கள் வீட்டில் அது என் வேலை. பொதுக் கழிவறை பக்கத்தில் இருந்தால் அந்த வேலை பாதியாகும். ஆனால் அதற்கு நேரெதிரே நின்றால் இரவெல்லாம் கதவுச் சத்தம். நடுவில் மூன்று நான்கு சைட் விட்டு நிறுத்துவது சரியாக வருகிறது. அம்மா முதல் நாளே டார்ச்சோடு நடந்து பார்த்து அடிகளை எண்ணி வைத்துக்கொள்வார்.

தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் முகாம்கள் அழகு, அமைதி. ஆனாலும் நாங்கள் தங்கியவற்றில் மின்சாரம் இல்லை, போய்ச்சேரும் வழியும் பல இடங்களில் மண்பாதை. வாடகை வண்டிக்கு மண்பாதையில் அனுமதி உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். சில காட்டுப்பாதைகளின் வாசலில் காலணி தேய்க்கும் பிரஷ் வைத்திருப்பார்கள். மண்ணோடு பரவி மரங்களின் வேரை அழுகவைக்கும் டைபேக் நோயைத் தடுக்கத்தான். தயவுசெய்து தேய்த்துவிட்டுப் போங்கள். கோடையில் நெருப்புத் தடை நாட்களில் விறகு மூட்டவே கூடாது.

நம் ஜூன் விடுமுறையில் போகிறவர்கள் அந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமையைக் கவனியுங்கள். அது அந்த மாநிலத்தில் பொது விடுமுறை, அந்த வார இறுதியில் நல்ல சைட் கிடைப்பது கஷ்டம். எங்களுக்கு மிகவும் பிடித்தது நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பாதிவரை. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அங்கே பள்ளி இன்னும் நடந்துகொண்டிருக்கும். கறிவேப்பிலையை மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், பெர்த் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

இந்த நவம்பருக்கும் பதிவு செய்துவிட்டோம். தொலைபேசியில் முகாம் அலுவலகப் பெண்மணியிடம் மரம், தரை, 15 ஆம்ப், கழிவறை என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாக வரைபடத்தைப் பார்த்து ஒரு சைட் எண்ணைச் சொன்னார். காட்டுக்கும் ஓடைக்கும் நடுவிலுள்ள புல்வெளி ஓரம், சரளைத் தரை, காலை வெயில் நேராக விழுமாம். அந்த எண்ணை அம்மா காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.